ஒரு கைப் புத்தகங்கள்

இங்கே ஒரு புத்தகத்தைப் பற்றி
முதலில் கேட்பது கதையை அல்ல, எடையை.
இடக்கையில் இரண்டு ஊசி.
நாலு மணி நேரம் அது இயந்திரத்தின் கை.
மிச்சமிருக்கும் வலக்கையே பிடிக்கவேண்டும்,
அதுவே புரட்டவேண்டும்,
மூக்கு அரித்தாலும் அதுவே போகவேண்டும்.

வால்பராய்சோ. மலையேறும் பெட்டிவண்டிகள்
இன்னும் விழிக்காத காலை ஆறு மணி.
திங்கள், புதன், வெள்ளி.
ஐந்து நாற்காலிகள், கடைசி என்னுடையது.

முதல் நாற்காலி நிபால்தோவுக்கு.
முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில்
பாரந்தூக்கி ஓட்டியவர்.
நடக்காததைப் படிக்க நேரமில்லை அவருக்கு.
கடலடியில் கம்பிவடம் போட்டவர்கள்,
உருளைக்கிழங்கைத் தின்ற பூஞ்சை,
தூக்கம் பற்றி ஒரு மருத்துவர் எழுதியது
(அதில் மட்டும் தூங்கிவிட்டார்).
சிபாரிசும் ஒரே வரி:
"எழுபதாம் பக்கம்வரை பொறுத்துக்கொள்."

யெர்கோவுக்கு இருபத்திரண்டு வயது.
வியாழனின் நிலவொன்றில் குடியேறியவர்கள் கதை,
பன்னிரண்டு தொகுதி.
ஒன்பதாவதிலிருந்து பிரமாதமாக இருக்குமாம்.
அதுவரை நாம் இருப்போமா என்று
கேட்காமல் விழுங்கிக்கொண்டோம்.
ஒர்டென்சியா கேட்டாள்.

அவளுக்கு முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழவேண்டும்,
அல்லது முத்தம்.
இரண்டும் இல்லையென்றால்
எழுதியவனுக்கு மரியாதை தெரியாது.

அந்தப் பெரிய நாவலைச் சொன்னது
ஊசி குத்தும் யாஸ்னா. சிபாரிசு ஒரே சொல்: "அழுதேன்."
பாலைவனத்து வெடியுப்புச் சுரங்க ஊர்,
நாலு தலைமுறை, எண்ணூற்று நாற்பது பக்கம்.
எங்களை நிறுக்கும் தராசிலேயே அதையும் நிறுத்தோம்:
ஒரு கிலோ நூறு.

புதன்கிழமை ஒர்டென்சியா
மீன் அரியும் கத்தி கொண்டுவந்தாள்.
ரொட்டியைப்போல் மூன்று துண்டு.
ஓய்வுபெற்ற பத்திரப் பதிவாளர் அபெலார்தோ
கண்ணை மூடிக்கொண்டார்,
கையெழுத்தில்லாத கிரயப் பத்திரத்தைக் கண்டதுபோல்.

குளிர்காலம் முழுக்க
முதல் துண்டும் இரண்டாம் துண்டும்
நாற்காலி நாற்காலியாய் நகர்ந்தன.
மூன்றாம் துண்டைப் பார்க்குமுன்னே
நிபால்தோ தூக்கிக்கொண்டார்:
"அதில் கப்பலில் சரக்கு ஏற்றுகிறானாமே,
சரியாக ஏற்றுகிறானா பார்க்கிறேன்."

அக்டோபரில் ஒரு நாள்
முதல் நாற்காலியில் மடித்த போர்வை மட்டும்.
இங்கே அதற்கு ஓர் அர்த்தம் உண்டு.
யாஸ்னா சிரித்துக்கொண்டே வந்ததால்
வேறு அர்த்தம் என்று தெரிந்தது:
நள்ளிரவில் சாந்தியாகோவிலிருந்து போன்,
ஒரு சிறுநீரகம்,
பையோடு ஓடியிருக்கிறார்.
பைக்குள் எங்கள் முடிவு.

வேறு பிரதி வாங்கலாமே என்றான் யெர்கோ.
யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.
ஒர்டென்சியா மாமியாருக்கு விஷம் வைத்தாள்.
அபெலார்தோ சொத்தைச் சமமாகப் பிரித்தார்,
மூன்று அமர்வு எடுத்துக்கொண்டு.
யெர்கோ கடைக்குட்டியை
வானாராய்ச்சி மையத்துக்கு அனுப்பினான்.
நான் தண்ணீர் வண்டியைத்
தாமதமாக வரவழைத்தேன்; அதற்குமேல் தெரியவில்லை.

ஜனவரியில் பொட்டலம் வந்தது.
நீல ஒட்டுநாடாவில் முதுகு கட்டிய மூன்றாம் துண்டு.
ஓரமெல்லாம் பென்சில்:
"இந்தக் கொக்கி நாலு டன் தாங்காது."
"இப்படிக் காற்றடித்தால் வேலையே நிறுத்திவிடுவோம்."
"பொய்."
"பொய்."
எண்ணூற்று இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு
பென்சில் படவே இல்லை.

உள்ளே ஒரு சீட்டு:
"தடிமனானது இருந்தால் அனுப்புங்கள்.
எனக்கு இப்போது இரண்டு கை."

யார் முதலில் படிப்பது என்று சண்டை.
உடம்பில் நீர் அதிகம் ஏறியவருக்குத்தான்
இயந்திரத்தில் அதிக நேரம்,
அவரே படிக்கட்டும் என்று தீர்ப்பானது.
தராசில் ஒவ்வொருவராக ஏறினோம்.

மூன்று கிலோ இருநூறு.
யாஸ்னா முறைத்தாள்.
ஞாயிற்றுக்கிழமை திருட்டுத்தனமாகத் தின்ற
தர்பூசணி பலித்துவிட்டது.
வலக்கையை நீட்டினேன்.
பக்கம் ஐந்நூற்று அறுபத்தொன்று.