பழைய பெயர்

ஓர்த்தா துறைமுகத்துக்கு மேலே மூன்றாவது வளைவில் வீடு.
எரிமலைக் கல். சுவரின் கனம் ஒரு முழம்.
மழை வராது, அண்டை வீட்டுச் சண்டை வராது,
கூடத்திலிருந்து மாடிக்கு வைஃபையும் வராது.

மாடியில் அந்தப் பெட்டி.
உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது,
நெற்றியில் ஒரே ஒரு விளக்கு.
பெல்மிரோ வாங்கியது. டொராண்டோ போகும்போது
கம்பளிக் கோட்டையும் தூண்டில்களையும் எடுத்துக்கொண்டான்,
பெட்டியை விட்டுவிட்டான்.
என்னையும் என்று சொல்லமாட்டேன்;
நான் ஒன்றும் தூக்கிப்போகிற சாமான் இல்லை.

மார்ச்சில் ரவுட்டர் செத்தது.
கம்பெனிக்காரன் வேறொன்று மாட்டிவிட்டுப் போனான்.
அதன் பெயர் எழுத்தும் எண்ணுமாய்ப் பன்னிரண்டு,
கைதிக்குக் கொடுப்பது போல.
என் போனுக்குச் சொன்னேன், கேட்டுக்கொண்டது.
பெட்டிக்கு எப்படிச் சொல்வது?
அதன் காது வைஃபையில் இருக்கிறது,
அந்தக் காதுதான் அடைத்துக் கிடக்கிறது.
ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி
இல்லாத ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தது.
அதற்குள் பதினொரு வருடம்:
புயல் கொண்டுபோன படகுத்துறை, என் தங்கை கல்யாணம்,
வரிக் கணக்கு.

எவரிஸ்தோ வந்தார், படகு ரேடியோ பழுதுபார்ப்பவர்.
கல் தடுக்கும், கண்ணாடி தடுக்காது என்று
படிக்கட்டு ஜன்னலோரம் ஒரு ரிப்பீட்டரைச் செருகினார்.
பிறகு சொன்னார்:
"ரெண்டு வழி. பெட்டியைக் கீழே கொண்டுவந்து
ஒயரில் கட்டி, புதுப் பெயரைச் சொல்லிக் கொடு.
இல்லையா, புது ரவுட்டருக்குப் பழைய பெயரையே வை,
பழைய பாஸ்வேர்டு, ஓர் எழுத்து பிசகாமல்.
மாறினது எதற்கும் தெரியாது."

நிலப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர் நான்.
பத்தொன்பது வருடமாகப் பெயர் மாற்றம்தான் பிழைப்பு.
போனவர் பெயரிலேயே வீட்டைப் போட்டு வைத்திருப்பவர்களை
எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்.
மாடிப்படி செங்குத்து என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு
பழையதை அடித்தேன்: பெல்மிரோ-வீடு.
பாஸ்வேர்டு, அவன் விற்றுவிட்ட படகின் பதிவெண்.
விரல் மறந்திருக்கவில்லை.

ஒரு நிமிடம்தான். எல்லாம் ஓடி வந்தன.
பிரிண்டர், டிவி,
நான் ஏறியே பார்க்காத எடை மெஷின் கூட.
மாடியில் பச்சை.

ஆகஸ்ட். மாலை ஆறரை.
வரிக் கணக்கு எடுக்கப் பெட்டியைத் திறந்திருக்கிறேன்.
திரை ஓரத்தில் ஒரு வரி:
புதிய படங்கள் வருகின்றன. 1 / 4112.
என் போன் மேசையில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது.

முதல் படம் எங்கள் கேட்.
போன மாதம் நான் பூசிய பச்சை. எடுத்த நேரம் 6.29.
இரண்டாவது, பீக்கோவிலிருந்து வரும் படகின் கைப்பிடிக் கம்பி.
மூன்றாவது, விமானச் சிறகு.

இருவருமே மறந்துபோன ஏற்பாடு அது:
வீட்டு வைஃபைக்குள் வந்ததும் அவன் போன்
எடுத்ததையெல்லாம் பெட்டியில் கொட்டிவிடும்.
போன் பெயரைப் பார்த்தது. பெயர் சரி. உள்ளே வந்துவிட்டது.
ஆள் வெளியே.

தட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.
முப்பது. எழுபது.
சிமெண்ட் மூட்டைகள், யாருடைய நாயோ, ஒரு பல் மருத்துவர் ரசீது.
நூற்றைம்பதுக்கு மேல் பனி.
சட்டையைச் சரிசெய்துகொண்டேன், எதற்கென்று தெரியவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு.
இருநூற்றுப் பதிமூன்றில் நின்றது.

பாதிதான் வந்திருந்தது.
ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வெள்ளை,
ஒரு மேசை விளிம்பு, இரண்டு கோப்பைகளின் வாய்.
அதற்குக் கீழே எல்லாம் சாம்பல்.
இழுத்து இழுத்துப் பார்த்தேன். சாம்பல்தான்.

கீழே இறங்கிப் போனபோது
கேட்டின் தாழ்ப்பாள்
காலையில் நான் போட்டபடியே இருந்தது.