சில்லறையின் கணக்கு

வயிறு இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.
அதுவரை என் மிச்ச வடையில் பெருத்தது என்றே
நினைத்துக்கொண்டிருந்தேன்.
டப்பாவில் காசு விழும் சத்தத்துக்கு ஓடி வந்ததால்
அதற்குப் பெயர் சில்லறை.
இப்போது காசு விழுவதில்லை.
பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்
'நாற்பது ரூபாய் பெறப்பட்டது' என்கிறாள்.
அதற்கும் வருகிறது.

வேப்பேரி ஆஸ்பத்திரியில் டோக்கன் நூற்றுப் பதினேழு.
முன்னால் ஏசி காரில் வந்த பக் நாய்,
பின்னால் கூடையில் ஒரு வான்கோழி.
நாய் எங்கம்மா என்றார் கம்பவுண்டர் தயாளன்.
ஆட்டோவுல ஏத்த மாட்டேங்கிறாங்க சார்,
வயித்தை மட்டும் போன்ல புடிச்சாந்துகீறேன்.
அவர் சிரிக்கவில்லை.
கண்ணாடியை ஏற்றிவிட்டுப்
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

பூச்சி தாயின் சதைக்குள் தூங்குமாம்,
வருடக்கணக்கில்,
மருந்துக்கு எட்டாத இடத்தில்.
சினை பிடித்தது அதற்கு எப்படியோ தெரிந்துவிடும்.
எழுந்து, கொடி வழியே குட்டிக்குள் போகும்.
மிஞ்சியது பாலில் போகும்.
கண் திறக்கும் முன்னே
குட்டியின் பெயரில் தண்டல்.
(தண்டல் அவர் சொன்னதில்லை.
எனக்குத் தெரிந்த சொல் அதுதான்.)

நாற்பதாம் நாள் ஆரம்பிச்சு
குட்டி போட்டுப் பதினாலு நாள் வரைக்கும்
தினம் ஒரு வேளை என்றார்.
எதுலேர்ந்து சார் நாப்பது?

காலண்டர் தாளைக் கிழித்து
பின்பக்கம் கடன் கணக்கு எழுதுகிறவள் நான்.
கம்பியில் குத்திவைத்ததை எல்லாம் உருவிப் பார்த்தேன்.
லோடுமேன் நாலு தோசை.
வாட்ச்மேன் பொங்கல், பாக்கி.
ஆடிப் பெருக்குக்கு மறுநாள் தாளில் இருந்தது:
'நாய்ச் சண்டை. குண்டான் கவிழ்ந்தது.
மாவு நஷ்டம் முந்நூற்றைம்பது.'
அன்றைக்கு ஓட்டேரியின் ஆண் நாய்கள் எல்லாம்
என் வண்டிக்கடியில்தான் இருந்தன.
விரல் விட்டு எண்ணினேன்.
நாற்பத்து மூன்று.
மூன்று நாள் தாமதம்.

போண்டாவுக்குள் வைத்தால்
போண்டாவைத் தின்று மாத்திரையைத் துப்பியது.
தயிர் சாதத்தில் தெரிந்துகொண்டது.
கருவாட்டுத் தலையில் ஏமாந்தது.

புரட்டாசி மழையில் ஈபி பெட்டிக்குப் பின்னால்
ஏழு.

பதினாலாம் நாள்
பேபியம்மாவின் மீன் தராசைக் கேட்டேன்.
கழுவிக் குடுக்கணும் என்று கொடுத்தாள்.
கழுவ வேலையில்லை, சில்லறையே நக்கிவிட்டது.
எழுநூற்றுப் பத்து. அறுநூற்று எண்பது.
எழுநூற்று நாற்பது, நெளிந்ததில் சரியாகத் தெரியவில்லை.
வெள்ளைக்கால் மட்டும் முந்நூற்று எண்பது.
கழுத்து நூல், வயிறு பலூன்.
ஊசியில்லாத சிரிஞ்சில் மஞ்சள் சிரப்பு
எடைக்குத் தக்கபடி, சொட்டு சொட்டாக.

மறுநாள் விடிகாலை
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வெள்ளையாக, சுருள் சுருளாக,
இப்போதுதான் அச்சிலிருந்து பிழிந்த மாதிரி.
சில நெளிந்தன.
அன்று இடியாப்பம் போடவில்லை.
கேட்டவர்களிடம் அச்சு ரிப்பேர் என்றேன்.

எங்களுக்கும் ஸ்கூல்ல குடுத்தாங்கம்மா,
சாக்பீஸ் மாதிரி இருந்துச்சு,
மென்னு சாப்பிடச் சொன்னாங்க என்றாள் யாழிசை.
கொஞ்ச நேரம் கழித்து,
நான் வயித்துல இருக்கச்ச
உனக்கு யாரு குடுத்தா?
குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
அடியில் பிடித்தது போகவே இல்லை.

நாலாவது வாரத் தவணைக்கு முந்தின நாள்
வெள்ளைக்கால் எழுந்திருக்கவில்லை.
தயாளனுக்குப் போன் செய்தேன்.
சில நேரம் அப்படித்தாம்மா என்றார்,
மத்ததுக்கு நிறுத்திடாதே.
பேபியம்மா ஐஸ் பெட்டியின் தெர்மாக்கோல் மூடி தந்தாள்.
கால்வாய் ஓரத்தில் மண் இன்னும் ஈரமாக இருந்தது.

மறுநாள் ஆறு குட்டிக்கும் ஊற்றினேன்.
ஏழுக்குக் கலந்த பழக்கம்.
சிரிஞ்சில் ஒரு பங்கு நின்றது.
கொட்ட மனம் வராமல்
சில்லறையின் வாயோரம் நீட்டினேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பெண்
யாருடைய இருபது ரூபாயையோ சொன்னாள்.
காது நிமிர்ந்தது.
பிறகு குடித்தது.