நுனி

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, இரண்டாம் மாடி,
பார்மசிக்குத் தலைமேல் என் பார்லர்.
மூன்று பக்கமும் கண்ணாடி.
நாலாவது பக்கம் ஜன்னல், அதில் எப்போதும் மூட்டம்.

காத்திருக்கும் பெண்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டுமென்று
கண்டியில் நிசாம்டீன் கடையில் வாங்கியது
ஒரு நீல ஃபைட்டர் மீன்.
ஊறுகாய் போத்தல் அளவு ஜாடி, ஒரு பிளாஸ்டிக் செடி.

ஆடி மழையில் அது வால் விரிக்க மறந்தது.
முதலில் கண்டவள் சுகிர்தா:
"அக்கா, மீனுக்கு ஸ்ப்ளிட் எண்ட்ஸ்."
சிரித்தேன். பிறகு குனிந்தேன்.
செட்டை ஓரம் வெளுத்து, நைந்து,
அடித்துத் துவைத்த சீலைத் தலைப்பு மாதிரி.

என் தொழிலுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்:
பிளந்த நுனியை வெட்டு.
கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்தும்விட்டேன்.
ஜாடி வாயில் அது நின்றது கொஞ்ச நேரம்.
மீன் மேலே வந்தது, ஒரு வாய் காற்றை விழுங்கியது, கீழே போனது.
முடிக்கு வலிக்காது.
இதற்கு?

நிசாம்டீனுக்குக் கோல் எடுத்தேன்.
"தண்ணி எவ்வளவு குளிர்?"
விரலை விட்டேன். குழாய்த் தண்ணீர்க் குளிர்.
"குளிர்ல கெடந்தாப் புண் ஆறாது.
கடைசியா எப்பத் தண்ணி மாத்தினீங்க?"
நான் பேசாமல் நின்றதே
அவருக்குப் போதுமாயிருந்தது.

பன்னிரண்டு லீட்டர் தொட்டி, சின்ன ஹீட்டர்.
முதல் நாளே பிடித்துவைத்து, குளோரின் மணம் போய்,
வெதுவெதுப்பாக்கிய தண்ணீர்,
தினமும் மூன்றில் ஒரு பங்கு.
கல்லுப்பு மூன்று தேக்கரண்டி, கரைத்து;
பிறகு மாற்றிய தண்ணீருக்கு மட்டும் உப்பு.
தீனி இரண்டே உருண்டை. மிச்சம் விழுந்தால்
ஹெயார் டை போத்தலின் குழாயால், புதுக் குழாயால், உறிஞ்சி எடுத்தேன்.
கொட்டாம்பா இலை இந்த உயரத்தில் இல்லை.
பஸ் கண்டக்டர் ஞானப்பிரகாசம்
நீர்கொழும்பில் பொறுக்கி, பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்தார்.
தண்ணீர் பிளேன்டீ நிறமானது.
"இதுக்கா கடல்வரை போனீங்க?" என்றாள் ஒருத்தி,
"எங்க லயத்துக்கு வந்தா வாளி வாளியாத் தாறேன்."

ஆறாம் நாளும் ஓரம் நைந்தது.
ஹெயார் ஸ்ப்ரேயைப் படிக்கட்டுக்கு அனுப்பினேன்.
இன்னும் நான் செய்யாதது என்ன?

வட்டகொடையிலிருந்து வந்த கல்யாணப் பெண், யோகமலர்,
புருவம் எடுக்க மல்லாந்து கிடந்தவள்,
தலையை மட்டும் திருப்பிக் கேட்டாள்:
"அது யாரோட சண்டை போடுது?"

அவள் கண்ணிருந்த உயரத்துக்கு என் தலையைக் கொண்டுபோனேன்.
மூன்று கண்ணாடியிலும் நீல மீன்.
அதற்குள் இன்னொன்று, சின்னதாய், அதற்குள் இன்னும்.
கடை திறந்து கடை மூடும்வரை
அத்தனை பேரையும் விரட்டியிருக்கிறது.
திரும்பிய ஒவ்வொரு முறையும்
பிளாஸ்டிக் இலை கொஞ்சம் கிழித்திருக்கிறது.

செடி குப்பைக்குப் போனது.
தொட்டி, காசு மேசைக்குக் கீழே, சுவர் மூலைக்கு.
சுற்றிலும் பழைய பேப்பர்.
கரண்ட் போனால் என் சால்வை.
பார்க்க வாங்கிய மீனை
இப்போது யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாம் வாரம் புதுச் செட்டை.
நீலமில்லை. நிறமே இல்லை.
டோர்ச் அடித்தால்தான் தெரிகிறது
அங்கே ஒன்று இருப்பது.
நிறம் வரும் என்றார் நிசாம்டீன்.
வராமலும் போகலாம் என்றார்.

யோகமலர் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் வந்தாள்.
"நுனி மட்டும் வெட்டுங்க."
தலை கழுவி முடித்ததும்
"மீன் எங்க?" என்றாள்.
பேப்பரை விலக்கிக் காட்டினேன்.
ஈரமுடி தோளில் சொட்டச் சொட்ட
புதுச் சீலையோடு தரையில் குந்தினாள்.
வெகுநேரம் எழும்பவில்லை.

"இப்ப யாரோடயும் இல்ல" என்றாள்.