ஏழு வினாடி

சதர்லாந்தில் ஜூலை இரவு, மைனஸ் ஒன்பது.
சூரியனை ஒருமுறை சுற்றிவர
அதற்கு முந்நூற்றுப் பதினாறு ஆண்டு;
எங்கள் ஜெனரேட்டருக்கு மூன்று மணி வரைதான் டீசல்.

கரியைவிடக் கறுப்பு. லேசாய்ச் சிவப்பும் உண்டென்கிறார்கள்.
நான் பார்த்ததேயில்லை.
அது மறைக்கப்போகும் விண்மீனைத்தான்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பதினாலு.
விண்மீன் அணைந்தது.
கருவி எண்ணும் என்று தெரிந்தும்
வாய்விட்டு எண்ணினேன், தமிழில்.
ஏழில் திரும்ப எரிந்தது.

ஏழு வினாடி என்றால்
குறைந்தது நூற்று அறுபது கிலோமீட்டர்.
அவ்வளவு அகல நிழல்
ஃபான் வெய்க்கின் செம்மறிகள்மேல் ஓடிப்போயிருக்கிறது.

காலையில் வேலியோரம் சொன்னேன்.
தொப்பியைத் தூக்கி அண்ணாந்து பார்த்தார்.
"ஒன்றுகூட எழும்பலையே, மிஸ் மூட்லி."

பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று,
கிடையை எண்ணத் தொடங்கினார்.