குளம்பு காயும் இடம்

அக்டோபர் பிறந்ததும்
கடற்கரையில் சிவப்புக் கொடி ஏறிவிடும்.
சவாரிக்கு யாரும் வரமாட்டார்கள்.
மூன்று மட்டக்குதிரைகளும் நானும்
தெலுக் பாகாங் தகரக் கொட்டகைக்குள்
மழைச் சத்தத்தைத் தின்றுகொண்டிருப்போம்.

காலை ஐந்தரைக்கு
கண்ணுக்கு முன்னால் மூக்கு விழித்துக்கொள்ளும்.
சாணி வாசம் சரி. மூத்திர நெடி சரி.
மரத்தூள் புளித்திருந்தால்கூடப் பரவாயில்லை.
அந்த இன்னொரு வாடைதான்,
மூடிய பாத்திரத்தில் மறந்துபோன முட்டை மாதிரி,
அது வந்தால்
யாரோ ஒருத்தர் காலில் அழுகல் தொடங்கிவிட்டது.

இந்த முறை டத்தோவுக்கு.
பட்டம் அரண்மனை கொடுத்ததல்ல,
தொப்பையைப் பார்த்து ஹமிடா கொடுத்தது.
பத்தொன்பது வயது. இடது முன்னங்கால்.
தோளால் தோளைத் தள்ளி
பாரத்தை அந்தப் பக்கம் சாய்த்து
"காலைக் குடு" என்றால்
கைமாற்றுக் கேட்டவனுக்குத் தருவதுபோல்
யோசித்து யோசித்துத்தான் தருவான்.
கொக்கியால் சேற்றைத் தோண்டினேன்.
நடுக்குளம்பு கறுப்பாய்க் குழைந்து வந்தது.
அயோடின் விட்டதும்
என் முதுகின்மேல் நீளமாக மூச்சுவிட்டான்,
வெந்நீர்ப் பானையைத் திறந்தாற்போல.

டாக்டர் ஊய் வந்தார்.
"காய்ந்த தரையில் நிற்க வையுங்கள்,
நாலு நாள் போதும்."
எண்பது ரிங்கிட்.
காய்ந்த தரை!
சொல்லிவிட்டு அவரே வெளியே பார்த்தார்.
பாதை எது வாய்க்கால் எது என்று தெரியாமல்
ஒற்றைச் செருப்பு ஒன்று மிதந்து போனது.

வைக்கோல் கட்டுக்குள் பூஞ்சை.
மரத்தூள் லோரி பாலத்துக்கு அந்தப் பக்கம்.
மிலோவின் கணுக்காலில் பொருக்கு,
குட்டையம்மாவுக்கு இருமல்.
என் நகங்கள்
டிசம்பர் வரை வெளுத்தே இருக்கும்.
தவ்க்கே போனில்,
"அந்தக் கிழட்டுக் குதிரையப் பேசாம..."
என்று ஆரம்பித்தார்.
லைன் கட்டாகிவிட்டது.
நான்தான் கட் செய்தேன்.

அன்று ராத்திரி
மற்ற இரண்டையும் ஹமிடாவிடம் விட்டு,
டத்தோமேல் என் மழைக்கோட்டைப் போர்த்தி,
நனைந்துகொண்டே நடத்தி வந்தேன்
நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு.
கீழ்த்தளம். மோட்டார் நிறுத்துமிடம்.
உள்தூண்களுக்கு நடுவே
கட்டிய நாளிலிருந்து மழையே பார்க்காத சிமெண்ட்.

ஒரு ஹோண்டாவுக்கும் ஒரு யமஹாவுக்கும் நடுவில்
தலையைத் தொங்கவிட்டு நின்றான்,
அவனும் யாரோ வேலை முடிந்து
நிறுத்திவிட்டுப் போன வண்டிபோல.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இறங்கிய பெண்கள்
பேச்சைப் பாதியில் நிறுத்தினார்கள்.
மூன்றாம் மாடி ஜெகதாம்பா இறங்கி வந்து
"புள்ளைங்க இருக்கிற இடம், நோய் பரவுச்சுன்னா?"
என்று சண்டை போட்டுவிட்டுப் போனாள்.
அரைமணி கழித்து மறுபடி வந்தாள்.
அப்போதும் சண்டைதான்:
"இப்படியா ஈரத்தோட நிக்க வைப்பே?"
கையில் பழைய துண்டு ஒன்று,
வேட்டியிலிருந்து கிழித்தது ஒன்று,
இடுப்பில் செருகிய இரண்டு கேரட்.

காவலாளி தில்பகதூருக்கு
சட்டம் என்றால் சட்டம்.
ராத்திரிக்கு இரண்டு ரிங்கிட் என்று ரசீது கிழித்தார்.
வண்டி எண் கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு
'குடா 1' என்று எழுதினார்.
பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து,
அவன் நெற்றியைச் சொறிந்துவிட்டார்.
அவர் ஊர் மலைப்பாதைகளில்
கோவேறு கழுதைகள் உண்டாம்.
அதற்கு மேல் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலை.
குளம்பைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனேன்.
கொட்டாங்கச்சி மாதிரி இறுகி
ஒரு வாடையும் இல்லை.
எட்டு ரிங்கிட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு
கயிற்றைப் பிடித்தேன்.

சிமெண்ட் முடியும் கோட்டில் நின்றுவிட்டான்.
அதற்கப்பால்
மழை குதித்துக்கொண்டிருந்தது.
ஒரு கால் எடுத்தான்.
திரும்ப உள்ளேயே வைத்தான்.

கொட்டகையில் இரண்டு வாய்கள் காத்திருக்கும்.
ஹமிடா திட்டிக்கொண்டிருப்பாள்.
இருந்தும் நான் இழுக்கவில்லை.
நானும் கொஞ்சம்
காய்ந்த பக்கமாகவே நின்றேன்.