கட்டு மாற்றும் நாள், மல்லாவி

சைலன்சர் சுட்ட கெண்டைக்கால் போயிற்று.
முள்ளுக்கம்பி கிழித்த முழங்கைக்கு
ஏற்பு ஊசி போட்டாச்சு.
மண்வெட்டி பட்ட பெருவிரலோடு
வரம்பிலிருந்து நேரே வந்திருக்கிறார் தவேந்திரம்.
சேறு கழுவவே அரை மணித்தியாலம்.

"தைச்சு மூடிவிடுங்கோ மிஸ்ஸி, விதைப்புக் கிடக்கு."

மூடேலாது அண்ணை.
மேலே மூடினால் உள்ளே சீழ் கட்டும்.
அடியிலிருந்துதான் ஊறி வரவேணும் சதை,
மாரியில் வவுனிக்குளம் ஏறுகிறமாதிரி,
ஆரும் பாராத இரவில்.
பிறகு கடிக்கும். சொறியாதேங்கோ.
பொருக்கை நகத்தால் கிளப்பாதேங்கோ.

துணி சுற்றுகையில்
கணுக்காலுக்கு மேலே விரலில் தட்டுப்படுகிறது
நெல்மணியளவு இரும்பு.
தோலுக்கடியில் நழுவுகிறது.

"அது பழசு" என்கிறார்.
"கரைச்சல் தாறேல்லை."

மயிர் முளைக்காத, மினுங்குகிற தோல்.
ஒருவரும் தைக்காமலே மூடியிருக்கிறது.

அட்டையில் எழுதுகிறேன்:
வலது பெருவிரல்.
வியாழன் வரவும்.