ஒன்பது டெராபைட் வவ்வால்

நடையோரக் குளிர் அலமாரிதான்
எனக்குக் கிடைத்தது.
அகலம் இருபத்தேழு சென்டிமீட்டர்.
ஆழம், பின்சுவரில் ஓடும் தண்ணீர்க்குழாய் போக,
இருபத்திரண்டு.
கடையில் விற்கும் எந்தச் சர்வர் சட்டமும்
அதற்குள் நுழையாது.
மேலிஸ் அளவுநாடாவைச் சுருட்டியபடி சொன்னான்:
"முட்டைக்கோஸ் ஜாடிகளைத் தொடாதே.
மற்றபடி உன் பாடு."

தார்த்துவில் ஜனவரி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
வவ்வால்கள் மணற்குகைகளில் உறங்க
அவற்றின் கோடைக்காலக் கூச்சல் மட்டும்
என் மேசையடியில்,
நான்கு ஹார்ட் டிஸ்க்குகளில்,
துணி விரித்த ஒரு செருப்புப்பெட்டிக்குள்.

முதல் தூண் பதினோரு மணி நேரம் அச்சாகி
விடியலில் ஓரம் சுருண்டு கிடந்தது,
மூடாமல் வைத்த ரொட்டித்துண்டு மாதிரி.
ஜன்னலைச் சாத்த மறந்தவள் நான்.
இரண்டாவது நிமிர்ந்து நின்றது,
துளைகள்தான் அரை மில்லிமீட்டர் சிறுத்துவிட்டன.
சூட்டில் சம்மதித்த பிளாஸ்டிக்
ஆறியதும் மனம் மாறுகிறது,
முன்பணம் வாங்கிய பிறகு
வீட்டுக்காரர் மாறுவது போல.

பித்தளை மரைகளைச் சால்டரிங் நுனியில் ஏற்றி
மெல்ல அழுத்தினேன்.
வெண்ணெயில் இறங்குவதாய் இறங்கும்,
ஒரு மூச்சு தாமதித்தால் கோணும்.
நாற்பதில் முப்பத்தாறு நேர்.
மீதி நான்கும்
கண் போகாத பின்பக்கத்துக்குப் போயின.

சட்டம் நின்றது.
ஐந்து அடுக்கு, மூன்றாவது காலி.
எதற்கென்று மேலிஸ் கேட்டான்.
இந்த ஜூனுக்கு, என்றேன்.

மூன்றாம் வாரம் ஜாடி மூடிகள் உப்பின.
"உன் வவ்வால்கள்
என் முட்டைக்கோஸைப் புளிக்கவைக்கின்றன."
வெப்பமானி வைத்துப் பார்த்தேன்:
உள்ளே இருபத்தொன்பது.
வவ்வால் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால்
நீயும்தான் தொங்கவேண்டும்
என்று சொல்லவில்லை.
நினைத்தேன்.

பிறகு ஒரு குழாய் வரைந்தேன்.
விசிறியின் வாயில் தொடங்கி
கதவிடுக்கில் தட்டையாகிக்
கீழே பூட்ஸ் வைக்கும் மூலையில் முடிகிற குழாய்.
ஒன்பது துண்டுகள், ஒன்றையொன்று கவ்வும் பற்கள்.
ஆரஞ்சு இழை எட்டோடு தீர்ந்தது.
கடைசி வளைவு மட்டும் பச்சை.

காலையில் மேலிஸ்
பூட்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
மாலையில் அவன் கையுறைகளும் அங்கே இருந்தன.
மறுநாள், மாடிவீட்டு ஹெல்வியின் பிள்ளையுடைய
ஈரக் காலுறை இரண்டு.

இரவு, போன ஜூன் பதினேழின் கோப்பைத் திறந்தேன்.
பத்து மடங்கு மெதுவாக்கினால்
நம் காதுக்கும் எட்டும்:
எமயோகி ஆற்றின்மேல் ஒரு வவ்வால்
பூச்சியைத் துரத்துகிறது.
சொட்டு, சொட்டு,
சொட்டுச்சொட்டு, பிறகு
கிழியும் துணியாய் ஒரே இழுப்பு.
அதன்பின் ஆறு.

பிடித்ததா தப்பியதா,
கோப்பில் இல்லை.
அலமாரிக்குள் விசிறி ஒரு படி வேகமெடுத்தது.
நடையில், இருட்டில்,
யார் வீட்டுக் காலுறையோ
சற்றே உப்பி
அடங்கியது.